ரேடியேட்டருக்கு அட்டை போட்ட அக்கா

மலைமேல் உள்ள தானா ராத்தா ஊரில் மெக்கானிக் வேலைக்கு இன்டர்வியூ. பஸ்ஸைத் தவறவிட்டு, கம்போங் ராஜாவில் ஒரு முட்டைகோஸ் லோரியில் ஏறிக்கொண்டேன். ஓட்டியவர் ஓர் அக்கா. தலையில் கம்பளித் தொப்பி, காலில் ரப்பர் சிலிப்பர்.

காலைக் குளிரில், தேயிலைத் தோட்டத்து ஏற்றத்தில் லோரி இழுக்காமல் முக்கியது. அக்கா இறங்கி, காய்ச்சல் பார்ப்பதுபோல ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரேடியேட்டரின் முன்னால் ஓர் அட்டையைச் செருகினார்.

"அக்கா, காத்த அடைச்சா இன்ஜின் கொதிச்சிடும்!" என்றேன். டிப்ளோமா படித்தவன் அல்லவா.

"மலைக்குக் கீழ மெக்கானிக் ஒருத்தன், சூடு ஏறுதுன்னு தெர்மோஸ்டாட் வால்வையே கழட்டிப் போட்டுட்டான் தம்பி. இங்க குளிர்ல சூடே ஏற மாட்டேங்குது லா, சூடு இல்லாம இன்ஜின் எப்படி இழுக்கும்? நீ இன்டர்வியூவுக்குப் போவணுமா, எனக்குப் பாடம் எடுக்கணுமா?"

அக்கா ஏறி லோரியை எடுத்தார். சற்று நேரத்தில் லோரி நன்றாக இழுத்தது. வெயில் வந்ததும் மறுபடி நிறுத்தி, குழாயைத் தொட்டுவிட்டு அட்டையைப் பாதி உருவினார். நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியை, இன்ஜின் குளிர்ந்தால் மூடி, சூடேறினால் திறக்கும் அந்த வால்வைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன் நான். அது இல்லாத லோரியில், அதன் வேலையை அவருடைய உள்ளங்கை செய்துகொண்டிருந்தது.