அதிபருக்கே முடியாதாம்

விழுப்புரத்தில் சென்னை பஸ் ஏறியதுமே பக்கத்துச் சீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தவராம். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. வாக்கியத்துக்கு ஒரு தடவை விரலை உயர்த்துவார்.

"அங்க அதிபரே இஷ்டத்துக்கு ஆட முடியாதுங்க. சபை தடுக்கும், கோர்ட்டு தடுக்கும். ஒருத்தர் கையிலயே அதிகாரம் இருக்கக் கூடாது."

ஜன்னலோரம் இருந்த அவர் மனைவி கேட்டார்: "திண்டிவனத்துல எறங்கி, ஆஸ்பத்திரியில எங்கம்மாவப் பாத்துட்டு வரட்டுங்களா?"

"கல்யாணத்துக்குப் போய்க்கினு இருக்கோம். வேணான்னா வேணாம்."

எனக்கு எரிந்தது. "இந்தம்மா எந்தக் கோர்ட்டுக்குப் போவணும்?" என்றேன்.

"அது நாட்டுக்குங்க. இது குடும்பம்."

திண்டிவனத்தில் அந்தம்மா பையோடு இறங்கிவிட்டார். ஜனநாயகவாதி எழுந்திருக்கவே இல்லை. "அவங்கள ஏறச் சொல்லுய்யா" என்று கண்டக்டருக்கு உத்தரவு போட்டார்.

"எனக்கு அந்த அதிகாரம் இல்லீங்க" என்று சொல்லி, கண்டக்டர் விசில் ஊதினார்.