காத்திருக்கத் தெரியாத டெப்போ

ரெங்கராஜ் அண்ணன் இறந்த செய்தி நம் பஸ் டெப்போ வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நிமோனியா என்று அவர் மகள் போட்டிருந்தாள். கீழே கைகூப்பிய படங்கள் குவிந்தன. முதலில் கைகூப்பியவர், "ஆளு காலையிலேயே ஊத்திக்கிட்டு வர்றாரு" என்று கேன்டீனில் கதை கட்டியவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் குடித்ததே இல்லை. அவருக்கு இருந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை நரம்புகளின் மேலுறை அரித்துப்போகும் நோய். நம் டைம் கீப்பராக லால்குடி, துறையூர், உப்பிலியபுரம் என்று எந்த வண்டி எப்போது கிளம்பும், யார் ஓட்டுவார் என்பதையெல்லாம் சார்ட்டைப் பார்க்காமலே சொன்னவர். அவர் ஒருநாள் ஒரே வண்டிக்கு இரண்டு கண்டக்டரைப் போட்டுவிட்டார். துறையூர் வண்டி கண்டக்டர் இல்லாமல் நின்றது.

"என்னண்ணே ஆச்சு?" என்று டீக்கடையில் கேட்டேன். டீ ஆறிப்போன பிறகு பதில் வந்தது. "காவிரிப் பாலத்தை ரிப்பேருக்கு மூடுனாங்கல்ல தம்பி, அப்ப டவுனும் இருந்துச்சு, ஸ்ரீரங்கமும் இருந்துச்சு. நம்ம பஸ்தான் சுத்திக்கிட்டு லேட்டா வந்துச்சு. என் மண்டையிலயும் எல்லாம் இருக்கு. ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குப் போற வழிதான் கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்றாரு."

அவர் நிர்வாகத்திடம் கேட்டது ஒன்றுதான். டியூட்டி கேட்டு அவர் அறை ஜன்னலுக்கு வரும் டிரைவர், கண்டக்டர்களில் ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும், பதில் வரும்வரை பொறுக்கட்டும். அதைச் செய்திருந்தால் அந்த நாற்காலியிலேயே ஓய்வு பெற்றிருப்பார். கிளை மேலாளர் அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார். அங்கே நடக்க வைத்தார்கள், கையை மடக்கி நீட்டச் சொன்னார்கள். "நல்லாத்தானே இருக்கீங்க" என்று சொல்லி, பணிக்குத் தகுதியானவர் எனச் சான்று கொடுத்தார்கள். மூளையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அடுத்த தவறு நடந்ததும் அந்தச் சான்றே அவருக்கு எமனானது. உடல்நலம் நன்றாக இருந்தும் வேண்டுமென்றே அலட்சியம் காட்டினார் என்று அறிக்கை எழுதி, டயர் குடோனுக்குத் தூக்கியடித்தார்கள்.

அந்த அறிக்கையில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான். மேலாளர் நீட்டினார், போட்டேன். அதற்குமேல் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

குடோனில் போய் நின்றபோது அண்ணன் திட்டவில்லை. "போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். லேட்டானாலும் சொல்லியிருப்பேன்ல" என்றார்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பேச்சும், அறிக்கையின் நகலும்தான். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் அண்ணனைப் புகழ்ந்து பேச மேலாளர் வருகிறாராம். வரட்டும். அவர் பேசி முடித்ததும் நான் எழுந்து அந்த அறிக்கையை வாசிப்பேன். கீழே இருக்கும் கையெழுத்துகளையும் வாசிப்பேன், என் பெயரை விடாமல்.