ஓர வரிசை

ஹேவாஹெட்ட கடைவீதியில், இன்று போன் கடையாகிவிட்ட இடத்துக்கு முன்னால் யாரோ பட்டர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க, அந்த மணத்தில் பழைய பேக்கரியும் அதன் கரிபிடித்த விறகுப் போறணை அடுப்பும் எனக்குத் திரும்பி வந்தன. தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் போறணை ஏது? தீபாவளிக்குத் தீபாவளி அம்மா பிஸ்கட்டை வெட்டி அடுக்கிய தட்டைத் தலையில் சுமந்து வந்து கொடுப்பார், பேக்கரி முதலாளி சுட்டு, ஓர வரிசையைத் திருடிவிட்டு, "கொண்டாந்ததே இவ்வளவுதான். லயத்து ஆளுகளுக்கு எண்ணவும் தெரியாது" என்பான்.

ஒரு வருடம் அம்மா அந்த வரிசைக்கு மட்டும் சீனிக்குப் பதிலாக உப்புப் போட்டுப் பிசைந்தார். நானும் அம்மாவும் தட்டை வாங்கப் போனபோது அவன் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மொதலாளி, பல்லு வலியா?" என்றார் அம்மா.

உப்பு என்று வாய் திறந்தால் திருட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும்; அவன் இன்னொரு வாய் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தான். அந்த முகத்தை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இன்னும் போதவில்லை.