பதிமூணு காட்டுன மீட்டர்

தங்கப்பொண்ணு அக்கா போன் பண்ணுனாலே எனக்குக் கடுப்பாகும். மதுரை முனிச்சாலையில பேட்டரிக் கடை வச்சிருக்கேன், பேரு ஜுல்பிகர். கடையில நாலு பேரு நிக்கிற நேரமாப் பாத்து, "பாய், இன்வெர்ட்டர்ல லைட்டு மினுக்குது, என்னான்னு சொல்லு"ன்னு கொட்டாம்பட்டிப் பக்கத்துலருந்து பிடிச்சுக்கும். பதில் சொல்ற வரைக்கும் விடாது.

விடாததுக்குக் காரணம் இருந்துச்சு. அது வீட்டுக்காரர் மலையாண்டி இருபது வருசம் கல் குவாரியில ட்ரில் பிடிச்சவரு. தூசி பூராம் நெஞ்சுல போயி உக்காந்துருச்சு. ஆக்சிஜன் மெசின் ஓடுனாத்தான் மூச்சு. கரண்டு போனா இன்வெர்ட்டர், இன்வெர்ட்டரும் போனா ஆளே போயிருவாரு. நாலாப்போட படிப்பை நிப்பாட்டுன அக்கா பேட்டரிக்குத் தண்ணி ஊத்தவும் வோல்ட்டு பாக்கவும் கத்துக்கிட்டது இதுக்காகத்தான். ஆடு மேய்க்கப் போனாலும் அரை மணிக்கு ஒருக்கா வீட்டுக்கு ஓடியாந்து அவரைப் பாத்துட்டுப் போகும்.

போன ஐப்பசியில மழை கொட்டித் தீத்துச்சு. கண்மாய் நெறஞ்சு அக்கா ஊருக்குப் போற ரோடு முங்கிருச்சு. கரண்டு வர்றதும் போறதுமா இருந்துச்சு. அக்காவோட தம்பி ஜெயபாண்டி அந்தக் கண்மாயில மீன் பிடிக்கிறவன். அவன் படகு மோட்டாருக்கு நாந்தான் லித்தியம் பேட்டரி குடுத்திருந்தேன்.

அக்கா அன்னைக்குக் கூப்புட்டுச்சு. "பாய், கரண்டு வந்திருக்கு, எப்பப் போகும்னு தெரியல. சார்ஜர் ஒண்ணுதான். வீட்டு ஆசிட் பேட்டரியையும் படகு லித்தியத்தையும் சேத்துப் போடவா?"

கடையில ஒருத்தன் கத்திக்கிட்டிருந்தான். "சிகப்போட சிகப்பு, கறுப்போட கறுப்பு மாட்டுக்கா, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். எம்புட்டுத் திமிரு எனக்கு!

மறுநாள் காலையில பல்லு வெளக்கும்போதுதான் சுருக்குன்னுச்சு. அந்த ஆசிட் பேட்டரி ஆறு வருசப் பழசு. உள்ள ஒரு செல்லு செத்திருந்தா, சேந்து கெடக்குற புது லித்தியத்தை விடிய விடிய உறிஞ்சிரும். போன் அடிச்சேன், போகல. யா அல்லாஹ்னு பைக்கை எடுத்தேன்.

ரோடு முங்குற எடத்துக்கு இந்தப் பக்கம், மேட்டுக்கரையில, 108 வண்டி எனக்கு முன்னாடியே நின்னுச்சு. மலையாண்டிக்கு மூச்சு முட்டுதுன்னு அக்கா போன் போட்டிருக்கு. வண்டிச் சிலிண்டரைப் படகுல குடுத்துவிட ரூல்ஸ் இல்லன்னுட்டாங்க. மோட்டார் பேட்டரி அக்கா வீட்டுல கெடந்ததால ஜெயபாண்டி துடுப்புப் போட்டு வந்து என்னைய ஏத்திக்கிட்டான். எதிர்க்காத்து. அந்தப் பக்கம் போக அரை மணி நேரமாச்சு.

அங்க விடியக்காலமே கரண்டு போயிருச்சாம், மலையாண்டி உதடு நீலம் பாஞ்சு கெடந்தாரு. அவரையும் மெசினையும் இன்வெர்ட்டரையும், சேத்து மாட்டுன ரெண்டு பேட்டரியையும் படகுல ஏத்துனோம். மோட்டாரையும் அதுலயே மாட்டிட்டு மீட்டரை வச்சேன். பதிமூணு வோல்ட்டு. பிரிச்சுத் தனித்தனியாப் பாத்திருக்கணும். லித்தியம் காலியாகப் போற நிமிசம் வரைக்கும் பதிமூணுதான் காட்டும்னு தெரிஞ்சவன் நான். தெரிஞ்சும், அவரு உதட்டைப் பாத்த பதட்டத்துல, ஜெயபாண்டிக்கிட்ட "எடு மாப்ள"ன்னுட்டேன்.

பாதித் தண்ணி தாண்டுனோம். மோட்டார் நின்னுச்சு. மெசின் பீப் பீப்னு கத்துச்சு.

ரெண்டு பேட்டரியையும் பிரிச்சு மீட்டரை வச்சேன். பழசு பத்து வோல்ட்டுல கெடந்துச்சு. லித்தியம் சார்ஜ் தீந்து தன்னைத்தானே ஆஃப் பண்ணிக்கிருச்சு. லோடை எடுத்துட்டுக் கொஞ்சம் பொறுத்ததும் துளி உசுரு வந்துச்சு. அதுல ஒண்ணுதான் ஓடும். மோட்டாரை அத்துவிட்டுட்டு மெசினுக்குக் குடுத்தேன். "பத்து நிமிசம் தாங்கும்கா, அதுக்கு மேல தாங்காது"ன்னேன்.

அக்கா படகோட கயித்தை இடுப்புல சுத்திக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிருச்சு. அதுக்கு நீச்சல் தெரியாது! முங்குன ரோடு கால்ல தட்டப்போயி கழுத்தளவோட நின்னுச்சு. ஜெயபாண்டி துடுப்புப் போட, அக்கா முன்னாடி நின்னு இழுக்குது. ரெண்டு வாட்டி வழுக்கி முங்கி, இருமிக்கிட்டே எந்திரிச்சுச்சு.

அதை மலையாண்டி பாத்துக்கிட்டே இருந்தாரு. திடீர்னு மெசின் வயரைப் பிடுங்கிட்டாரு. மோட்டாரைக் கையக் காட்டுறாரு, அதுக்குக் குடுன்னு. பேச மூச்சு இல்ல. நான் பதறி வயரை எடுக்குறதுக்குள்ள அக்கா படகைப் பிடிச்சு எக்கி, அவரு கன்னத்துல பளார்னு ஒண்ணு விட்டுச்சு.

"எனக்காகச் சாகுறீகளோ? கொன்னுபுடுவேன்! மாட்டு பாய் வயரை!"

மாட்டுனேன். மெசின் ஓடுச்சு. மலையாண்டி கண்ணுல தண்ணி வழிஞ்சுச்சு, எனக்குந்தான். மேட்டுக்கரைக்கு இருபது அடி இருக்கையில மெசின் மறுபடி நின்னுருச்சு. 108 பையங்க சிலிண்டரைத் தூக்கிக்கிட்டுத் தண்ணிக்குள்ள ஓடியாந்தாங்க.

ஆஸ்பத்திரியில அவரை உள்ள கொண்டு போயிட்டாங்க. ரெண்டு நாள் தாண்டுனாத்தான் எதையும் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிட்டுப் போனாரு. அக்கா ஈரச் சேலையோட செவுத்துல சாஞ்சு நின்னுச்சு. நாலு வார்த்தை வஞ்சிருந்தாத் தேவலை. என்னால பொறுக்க முடியல.

"அக்கா, தப்பு எம்மேலதான். சேத்து மாட்டச் சொன்னது நாந்தான்."

"தெரியும் பாய். நீ ரெண்டையும் பிரிக்கயிலயே தெரிஞ்சுபோச்சு." என் மூஞ்சியப் பாக்கல, கதவையேதான் பாத்துச்சு. "ஒன்னைய வைய எனக்கு இப்ப நேரமில்ல. போயி அந்த லித்தியத்தைத் தனியாச் சார்ஜ் போட்டு வையி. அவரைக் கூட்டிட்டுத் திரும்பிப் போகையில நடுவுல நிக்கக் கூடாது."