குழாயை வடிக்க மறுத்த வெர்னா

அந்த வருஷம் அக்டோபரில் வீட்டுச் சொந்தக்காரன் டேல் நைக்விஸ்ட் நிலவறைக்கு இறங்கி வந்தபோது, வெர்னா கோஸ்கெலா வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு முன்னால் முழங்காலிட்டு அதன் அடிவயிற்றில் படிந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஏரிக்கரை நகரமான டுலூத்தில் எல்லாரையும் போல அவளும் ஏரித் தண்ணீர் ஈய நிறத்துக்கு மாறிய அன்றே குளிர்கால வேலையைத் தொடங்கியிருந்தாள். மலைச்சரிவில் நிற்கும் அந்தப் பழைய மர வீட்டில் அவளைச் சேர்த்து மூன்று குடித்தனம். பராமரிப்பு வெர்னாவின் பொறுப்பு. அதற்காகக் கீழே ஒரு பின்னறை அவளுக்கு விடப்பட்டிருந்தது. டேலின் அப்பா காலத்து ஏற்பாடு அது.

"வெர்னா, இந்த வருஷம் அதெல்லாம் வேண்டாம்" என்றான் டேல்.

"எதெல்லாம்?"

"பாய்லர், குளிர்காலச் சன்னல், எதுவுமே. நவம்பர் பொறந்ததும் குழாயில இருக்கற தண்ணிய வடிச்சிடுங்க. கழிவுக் குழாயில உறையாம இருக்க மருந்து ஊத்திடுங்க. பூட்டிடலாம்."

வெர்னா சுரண்டியைக் கீழே வைத்தாள். குழாயை வடிப்பது ஆளில்லாத வீட்டுக்குச் செய்கிற வேலை. உள்ளே நிற்கும் தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்துவிடும் என்று, கோடை வீட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது செய்வார்கள்.

"மேல ஆரின் இருக்கான். ஷானா கைக்குழந்தையோட இருக்கா. அவங்கள எங்க வடிக்கிறது?"

டேல் சிரிக்கவில்லை. வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது என்றான். ஏரி பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்களாம், வீடு காலியாக வேண்டுமாம். ஆரினுக்கும் ஷானாவுக்கும் மே மாதம் வரை ஒப்பந்தம் இருக்கிறதே என்றாள் வெர்னா.

"அதுக்காகத்தான் உங்ககிட்ட வந்தேன். பாய்லர்ல விரிசல் விட்டிருச்சு, இனிமே பத்த வைக்க முடியாதுன்னு சொல்லிடுங்க. குளிருக்குப் பயந்து அவங்களே போயிடுவாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. உங்களுக்கு என்னோட வேற வீட்டுல ஒரு ரூம் தரேன்."

"விரிசல் எங்க இருக்கு?"

"சும்மா பேச்சுக்குத்தான், வெர்னா."

"பேச்சுக்குன்னா நீயே பேசிக்கோ. என் வாயில அந்த விரிசல் வராது."

டேல் படியேறிப் போன பிறகு அவள் மறுபடி சுரண்டத் தொடங்கினாள். முன்பைவிடச் சத்தமாக.

வெர்னா பிறந்தது வடக்கே இரும்புச் சுரங்கத்து ஊரில். அவளுடைய சின்ன வயதில், வேலைநிறுத்தம் நடந்த ஒரு குளிர்காலத்தில், வாடகை வீட்டுக்கு வரவேண்டிய கரியை வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்துக் கூடத்துக்குப் போனாள். போவதற்கு முன் வீடு முழுக்கப் பெருக்கினாள், அணைந்துபோன அடுப்பைத் துடைத்தாள். "நம்மளத் தொரத்துறாங்க, நீ எதுக்கும்மா பெருக்கற?" என்று வெர்னா கேட்டதற்கு, "நாளைக்கு நம்மளப் பத்தி யாரும் அசிங்கமாப் பேசக்கூடாதுடி" என்றாள். அம்மாவின் மற்ற குறைகளையெல்லாம் வெர்னா மன்னித்துவிட்டாள். அந்தத் துடைப்பத்தை மட்டும் மன்னிக்க முடிந்ததில்லை.

வளர்ந்தபின் பாய்லர் ஓட்டும் உரிமம் வாங்கப் படித்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். "காபி போட வந்தியாம்மா?" என்று கேட்டவனிடம், "ஆமா, உன் பாய்லர்லதான் கொதிக்க வைக்கணும், முதல்ல அதைப் பத்த வைக்கக் கத்துக்கோ" என்றாள். பள்ளிக்கூட பாய்லர்களைப் பல வருஷம் ஓட்டினாள். கணவன் லெனர்ட் குளிர் ஒத்துக்கொள்ளாமல் ஃப்ளோரிடாவுக்குப் போனான். நீயும் வா என்றான். "அங்க வந்து வருஷம் பூரா வேர்த்துக்கிட்டு நிக்கவா?" என்று இவள் கேட்டாள். அவன் திரும்பவில்லை, இவள் போகவும் இல்லை.

டேல் வந்துபோன மறுநாள் காலை அவள் ஏலக்காய் ரொட்டி சுட்டு, காபி வைத்து, இருவரையும் சமையலறைக்கு அழைத்தாள். ஆரின் ட்வைட் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் போய்விட்டாலும் குரல் போகவில்லை. ஷானா பெலாஞ்சர் முதியோர் இல்லத்தில் உதவியாளர், பக்கத்தில் ஒஜிப்வே என்ற பூர்வகுடிகளின் குடியிருப்பைச் சேர்ந்தவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்தாள். டேல் சொன்னதை வெர்னா ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னாள்.

"நிஜமாவே பாய்லர் நல்லாத்தான் இருக்கா, ஆன்ட்டி?" என்றாள் ஷானா.

"என்னைவிட நல்லா இருக்கு."

"அப்ப நான் எங்கயும் போக மாட்டேன். எங்க ஜனத்த இங்கேர்ந்து கெளப்பப் பாத்தவங்க வரிசையில இவன் எத்தனாவது ஆளோ! கடைசியா வந்து நிக்கறான்."

ஆரின் ரொட்டியைக் காபியில் தோய்த்தார். "புயல்ல நடுங்குற கப்பல்ல நின்னு சூப்பு கிண்டினவன் நான். டேல் பையன் என்னை ஒரு பாய்லர வச்சு மெரட்டுறானாக்கும்? வெர்னா, என்ன செய்யணும்னு சொல்லு. ஏணி மட்டும் ஏறச் சொல்லாத."

வேலை அன்றே தொடங்கியது. கதவு இடுக்குகளில் பஞ்சுப் பட்டை ஒட்டினார்கள். சமையலறைத் தொட்டிக்கு அடியில், வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய்களுக்கு ஆரின் உட்கார்ந்த இடத்திலேயே நுரை உறை மாட்டினார். குழந்தை தூங்கும் அறைச் சன்னலுக்கு உட்பக்கம் ஷானா பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முடி காயவைக்கும் கருவியால் சூடு காட்டினாள். தாள் முரசுத் தோல் போல விறைத்தது. வெர்னா கூரை ஓரத்துத் தகரக் கால்வாயிலிருந்து அழுகிய இலைகளை வாரி வாரிக் கீழே எறிந்தாள். அது அடைத்தால் பனி உருகும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

குளிர்காலச் சன்னல்கள்தான் பெரிய வேலை. மரச்சட்டமிட்ட கனத்த கண்ணாடிகள் அவை. இருக்கிற சன்னலுக்கு வெளியே இன்னொரு சன்னலாகக் கொக்கியில் மாட்ட வேண்டும். கோடை முழுக்கக் கொல்லைக் கொட்டகையில் கிடக்கும். வெர்னா போய்ப் பார்த்தபோது கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

ஷானா பூட்டை ஆட்டிப் பார்த்தாள். "ஒடச்சிடலாமா, ஆன்ட்டி?"

"பூட்டு டேலோடது. அதைத் தொட்டா சண்டைக்கு வருவான்" என்றாள் வெர்னா. பிறகு பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். "கீல் நான் போட்டது." திருகாணிகளைக் கழற்றி, கதவைப் பூட்டோடு சேர்த்து அப்படியே சுவரில் சாய்த்து வைத்தாள். ஆரின் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அவள் மாடிச் சன்னலருகே ஏணியில் நின்றிருந்தபோது டேல் வந்து சேர்ந்தான். எதிர்வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்திருந்தார். ஷானா உள்ளிருந்து சட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஏரிக்காற்று கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

"வெர்னா, கீழ இறங்குங்க! உங்களுக்கு இனிமே இங்க வேலை கெடையாது. இப்பவே, இந்த நிமிஷமே நிறுத்திட்டேன்."

வெர்னா திரும்பிப் பார்க்காமல் ஒரு கொக்கியை மாட்டினாள். "அப்படியா? அப்ப உன் பேச்சைக் கேக்கணும்னு எனக்கு என்ன இருக்கு? மாடி வீட்டுப் பொண்ணுக்கு சன்னல் மாட்டித் தரேன். நீ நகரு, கை நழுவுனா உன் தலையிலதான் விழும்."

டேல் நகர்ந்தான். பின்னறையை வாரக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று கத்திவிட்டுப் போனான். அந்த அறை வேலையோடு வந்தது, வேலையோடு போனது. அது அவளுக்கும் தெரியும். சட்டம் அவன் பக்கம். அன்று மாலை அவள் மூட்டை கட்டினாள். எழுபதை எட்டும் வயதில் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த அறையை அவள் பெருக்கவில்லை. கட்டிலடியில் கிடந்த குப்பை அப்படியே கிடந்தது.

கதவைத் தட்டிக்கொண்டு ஆரின் வந்தார். "என் முன்னறை சும்மாதான் கெடக்கு. ஒப்பந்தத்துல ரெண்டு பேர் இருக்கலாம்னு போட்டிருக்கு. என் பொண்டாட்டி இருந்தப்ப எழுதினது. யாருமே அதை அடிக்கல."

"ஊரு என்ன பேசும், கிழவா?"

"பேசட்டுமே. நான் அந்த மாதிரிப் பேரு வாங்கி ரொம்ப வருஷமாச்சு."

இப்படி வெர்னா பின்னறையிலிருந்து மாடிக்குக் குடியேறினாள், அதே வீட்டில், டேலின் மூக்குக்கு நேராக. அவன் கடைசியாக ஒன்று செய்தான். பாய்லர் அறைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டு, ஆரினுக்கும் ஷானாவுக்கும் தகவல் அனுப்பினான்: பாய்லர் விரிசல் கண்டுவிட்டது, சூடு கிடையாது, விரும்பினால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்.

நவம்பர் நடுவில் முதல் பெரிய பனி விழுந்தது. அறைக்கு அறை நிற்கும், பாய்லரின் சூடு ஏறும் இரும்பு ரேடியேட்டர்கள் பிணம் போலச் சில்லிட்டுக் கிடந்தன. ஆனாலும் அடைத்த இடுக்கும் இரட்டைச் சன்னலும் சும்மா இருக்கவில்லை. எல்லாரும் ஆரினின் சமையலறையில் கூடி, அவர் அடுப்பில் எதையாவது சுட்டுக்கொண்டே இருக்க, அந்த வெப்பம் வெளியேறாமல் நின்றது. ஷானா நகராட்சிக்குப் போன் மேல் போன் போட்டாள். "குழந்தை இருக்கிற வீடு" என்று ஒவ்வொரு தடவையும் முதல் வார்த்தையாகச் சொன்னாள். கடைசியில் ஆய்வாளர் அம்மாள் ஒருத்தி வந்தாள், பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே. டேலும் வரவழைக்கப்பட்டான்.

பூட்டு திறக்கப்பட்டது. ஆய்வாளர் விளக்கடித்துப் பாய்லரைச் சுற்றி வந்தாள்.

"விரிசல் எங்க இருக்கு, காட்டுங்க."

"ரிப்பேர்காரர் சொன்னாருங்க" என்றான் டேல்.

"யாரு? பேரு சொல்லுங்க, நானே பேசறேன்."

டேல் கோட்டுப் பொத்தானைத் திருகினான். ஆய்வாளர் தண்ணீர் அளவையும் புகைபோக்கியையும் பார்த்து முடித்தாள். "இதை யாராவது பத்த வைங்க. எரியுதா பாத்துடலாம்."

எல்லாரும் வெர்னாவைப் பார்த்தார்கள். அவள் டேலைப் பார்த்தாள்.

"நான் உன் வேலைக்காரி இல்ல, டேல். பத்த வைக்கணும்னா நீ கேக்கணும்."

டேலின் காது சிவந்தது. "பத்த வைங்க, வெர்னா" என்றான், தரையைப் பார்த்து.

அவள் முழங்காலிட்டு, எரிவாயுவைத் திறந்து, நீளத் தீக்குச்சியை உள்ளே நீட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நீல நாக்கு ஒன்று எட்டிப் பார்த்தது, அடிவயிறு முழுக்கப் பரவி உறுமியது. கொஞ்ச நேரத்தில் மேலே குழாய்கள் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தன. மாடியிலிருந்து ஆரின் கத்தினார்: "வந்துடுச்சு! கை சுடுது! வந்துடுச்சுடா டேல்!"

பாய்லரை வசந்தம் வரை அணைக்கக்கூடாது என்று ஆய்வாளர் உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். டேல் கடைசியாகப் படியேறினான். வாசலில் நின்று, "எங்கப்பா உங்களுக்கு ரொம்ப எடம் குடுத்துட்டாரு" என்றான். "ஆமா, மனுஷன் அவரு" என்றாள் வெர்னா.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. துறைமுகம் உறைந்தது, கார்கள் உறைந்தன. அந்த வீட்டில் ஒரு குழாய்கூட வெடிக்கவில்லை. நாள் வாடகைக்கு விட வந்தவர்கள் ஆள் இருக்கும் வீடு வேண்டாமென்று விலகிவிட, டேல் கோடையில் அதை ஒரு பள்ளி ஆசிரியைக்கு விற்றான், குடித்தனங்களோடு சேர்த்தே. சரிவின் மற்ற தெருக்களிலிருந்தும் ஆட்கள் வெர்னாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள்: எங்க வீட்டுக்காரன் சன்னல் மாட்ட மாட்டேங்கறான், என்ன பண்ணலாம்? அவள் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவாள்.

புது வீட்டுக்காரி ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மறுபடியும் பராமரிப்பு வேலைய நீங்களே பாத்துக்கறீங்களா? பின்னறையும் தரேன்."

"வேண்டாம். வேலையோட வர்ற அறை வேலையோட போயிடும்" என்றாள் வெர்னா. "ஆரின் ஒப்பந்தத்துல என் பேரையும் எழுதிடுங்க. நானும் வாடகை குடுத்து இருந்துக்கறேன்."

"அப்ப குளிர்காலச் சன்னல யார் மாட்டுவா?"

"நான்தான். வேற யாரு? ஆனா எப்ப மாட்டணும்னு எனக்கு யாரும் சொல்லக்கூடாது."