வள்ளியின் குடிசை முன் என் அம்மா

வீடில்லாத ஒருத்திக்கு வரவேண்டிய மனையை நான் பறித்தேன். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. ஒரு போட்டோ எடுத்தேன். அவ்வளவுதான்!

ஆந்திராவில், திருச்சானூருக்கு வெளியே எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பினால்தான் வீடில்லாதோர் கணக்கெடுப்பு வேலை எனக்குக் கிடைத்தது.

சொந்த வீடு இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு அரசு மனை தரும். பட்டா பெண்ணின் பெயரில் வரும். மனு செய்பவர் தாம் குடியிருக்கும் இடத்தின் முன்னால் நிற்கவேண்டும். நான் போனில் படம் எடுத்தால் அந்த இடம் அவர் பெயரில் பதிவாகிவிடும். விதி இதுதான்.

எங்களுக்கோ தளம் போட்ட இரண்டு அறை வீடு இருந்தது. இருந்தும் அம்மா கேட்டாள்: "ஊருக்கெல்லாம் எழுதிக்கினு கீறியே, நம்பளுக்கு ஒண்ணு எழுதுனா கை முறிஞ்சிடுமா?"

வாய்க்கால் ஓரத்தில் வள்ளியின் குடிசை. சித்தாள் வேலை செய்பவள், புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். அம்மாவை அங்கே அழைத்துப் போனேன்.

"சும்மா ஒரு போட்டோ சின்னம்மா. உன்னுது அடுத்த வாரம் போட்டுடறேன்" என்றேன் வள்ளியிடம்.

வள்ளி அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாக்கா, கல்யாணத்துக்கு வந்தாப்புல பொடவ கட்டிக்கினு வந்துகீறே? ஏழைன்னு எவன் நம்புவான்?" கொடியில் கிடந்த தன் பழம்புடவையை எடுத்து அம்மாவுக்குப் போர்த்திவிட்டாள். "சிரிக்காதக்கா! சிரிச்சா பட்டா வராது!"

மூவருமே சிரித்தோம்... மூன்றாவது படம்தான் சரியாக வந்தது.

தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் நீங்கள் மன்னிக்கக்கூடும். தெரிந்தேதான் செய்தேன். ஓர் இடத்துக்கு ஒரு குடும்பம்தான் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் வள்ளியின் மனுவைப் போன் ஏற்கவில்லை. "சர்வர் சரியில்ல" என்றேன். நம்பினாள். எத்தனை முறை கேட்டாளோ, அத்தனை முறையும் அதையே சொன்னேன்.

அம்மாவுக்குப் பட்டா வந்தது.

மழைக்கு முன் வாய்க்கால் ஓரத்தைக் காலி செய்ய ஜேசிபியோடு அதிகாரி வந்தார். மனை பெற்றவர்களின் குடிசைகளைப் பிரிக்க வேண்டும். பட்டியலில் வள்ளியின் குடிசையும் இருந்தது, என் அம்மாவின் பெயரில்!

"எனுக்கு எங்க சார் மனை குடுத்தீங்க? இந்தத் தம்பியக் கேளுங்க!"

அதிகாரி என் பக்கம் திரும்பி, இது யார் குடிசை என்று தெலுங்கில் கேட்டார். உண்மையைச் சொன்னால் பட்டா போகும், வேலை போகும், வழக்கும் வரலாம். "லிஸ்டில் பெயர் உள்ளவருடையதுதான் சார்" என்று தெலுங்கிலேயே சொன்னேன். வள்ளிக்கு என்னைவிட நன்றாகத் தெலுங்கு தெரியும்.

அவள் கத்தவில்லை. "அரிசி டப்பாவ எடுத்துக்கறேன். அதுவரைக்கும் வண்டிய நிறுத்தச் சொல்லு" என்றாள்.

இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களிலேயே மகளோடு படுத்துக்கொள்கிறாள். வெள்ளையடிக்கத் தொடங்கினால் அடுத்த கட்டடம். எங்கள் மனையில் முள்செடி வளர்கிறது. வீடு கட்ட எங்களுக்கு அவசரமில்லை.

நடந்ததையெல்லாம் ஒரு மனுவாக எழுதி, அலுவலக வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். எதற்குப் பயந்தேன்? ஜெயிலுக்கா, அம்மாவின் முகத்துக்கா? இன்றுவரை தெரியவில்லை.

போன மாதம் வள்ளி ஒரு கட்டட வாசலில் என்னை நிறுத்தினாள். மகளின் பள்ளிக்கூடப் பாரத்தை நீட்டினாள்.

"அட்ரஸ் கேக்கறாங்க. எழுதத் தெரிஞ்சவன் நீதான? நான் எங்க கீறேன்னு நீயே எழுது."

ஏச்சா, வேண்டுகோளா... அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கதவு எண்ணை எழுதிக் கொடுத்தேன். படிக்கச் சொல்லிக் கேட்காமலே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, செங்கல் தட்டைத் தூக்கித் தன் தலையில் வைக்கச் சொன்னாள்.

தூக்கி வைத்தேன்.