கவிழ்ந்து கிடந்த டிரம்கள்

காரைக்குடியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. குப்பைக்குப் போகிற பொருளை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவர ஐந்து அமைப்புகளை ஒன்றுசேர்த்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

எண்ணெய் ஆலையும் பூச்சிமருந்துக் கிடங்கும் காலி டிரம்களைத் தரும். அடுக்கி வைக்க நகராட்சி இடம் கொடுத்தது. மகளிர் குழு எண்ணெய் டிரம்களைக் கழுவி, தண்ணீர் பிடித்து வைக்க வீடுகளுக்குக் கொடுக்கும். மருந்து டிரம்கள் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷினுக்குப் போகும். ஏற்றி இறக்க, பழைய செட்டிநாட்டு வீடொன்றில் நடக்கும் ஓட்டலின் டெம்போ.

எல்லா டிரம்மும் ஒரே நீலம். மெஷினில் சிக்கக்கூடாதென்று லேபிளையும் உரித்தே அனுப்பச் சொல்லியிருந்தேன். "பெயின்ட்ல எழுதிருவோமே சார்" என்றார் குழுத் தலைவி. வெட்டி வேலை என்று தட்டிக்கழித்தேன். பாத்திரம் கழுவினால் கவிழ்த்துத்தானே வைக்கிறோம்? கழுவியது கவிழ்ந்திருக்கட்டும், மருந்து டிரம் வாய் மேலே பார்த்து நிற்கட்டும் என்றேன். பல மாதம் ஒரு பிசகும் இல்லாமல்தான் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல கோடை மழை. மறுநாள் மதியம் நான் போனபோது அங்கே வாய் மேலே பார்த்த டிரம் ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் அப்படி ஆறு நின்றிருந்தன. குழுத் தலைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"எல்லாம் கவுந்துதானே சார் கெடந்துச்சு. கழுவினதுன்னு காலையிலயே ஏத்தி விட்டுட்டோம்" என்றார் தலைவி.

கவிழ்த்தது நகராட்சியின் கொசு ஒழிப்பு ஆட்கள். "மழைத்தண்ணி நின்னா டெங்கு கொசு வந்துரும்ல? நம்ம எடமாச்சேன்னு நாங்கதான் கவுத்து வச்சோம். நல்லதுக்குத்தானே சார்?" என்றார் அவர்களில் ஒருவர். நல்லதுக்குத்தான். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

வீடு வீடாகப் போய், டிரம்முக்குள் மூக்கை விட்டு முகர்ந்து முகர்ந்து, பொழுது சாய்வதற்குள் ஐந்தைத் திரும்ப எடுத்துவிட்டோம். ஆறாவது கிடைக்கவில்லை. டெம்போ ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு அம்மா வண்டிய நிப்பாட்டிக் கேட்டாக. மிச்சம் இருந்த ஒண்ண எறக்கிக் குடுத்துட்டேன். எந்த வீடுன்னு தெரியல சார்."

அன்று மாலையே ஐந்து தரப்பும் ஓட்டல் முற்றத்தில் கூடினோம். வெளியே தெரிந்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள், திட்டமே படுத்துவிடும் என்றார் ஒருவர். எந்தக் கூட்டத்திலும் நாங்கள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதில்லை. நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஆகவே நேமத்தான்பட்டியில் தெருத்தெருவாக அலைந்தபோதும் நான் காரணம் சொல்லவில்லை. நீல டிரம் வாங்கியவர்கள் கூப்பிடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லி, டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் என் நம்பரைக் கொடுத்தேன். ஏதும் பிரச்சினையா என்று ரேஷன் கடைக்காரர் கேட்டார். சும்மா ஒரு கணக்கெடுப்பு என்றேன். பூட்டிக் கிடந்த பெரிய பெரிய வீடுகளுக்கு நடுவே, ஆள் இருக்கிற வீடுகளின் கொல்லையை எல்லாம் எட்டிப் பார்த்தேன். எங்கும் நீலமாகத்தான் ஏதோ ஒன்று தெரிந்தது. எதிலும் அந்த வாடை இல்லை.

பதினேழாம் நாள் காலை போன் வந்தது.

"சார், டிரம்மு பத்தி வெசாரிச்சீகளாமே? வெளியூரு போயிருந்த எம் மக ரேசன் கடையில கேட்டுட்டு வந்து இப்பத்தான் சொன்னா. எங்க வீட்டு அடுப்படியிலதான் இருக்கு. ரொம்ப நல்ல டிரம்மு சார். மத்ததுல நாலு நாள்ல புழு நெளியும். இதுல ஒரு கொசு அண்டல பாத்துக்கங்க. இங்குட்டு வந்தீகன்னா இன்னொண்ணு கொண்டாங்க."

குடிக்கவா, புழங்கவா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாள் அதற்குள் தானாகவே சொன்னார்.

"சோறுகூட இந்தத் தண்ணியிலதான் சார் பொங்குறோம்."